முன்னாடியே இறங்கிய திருத்தங்கள்

ஜன்னத்தின் லேப்டாப்பில் திரை வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தான் எது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஒரு மத்தியானம், மேல் வரிசைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரை கறுப்பாகக் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். ஜன்னத்துக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. "பாக்காத படத்துக்கு எதுக்குங்க கரண்டு?" என்று கடைக்காரரிடமே சொல்லி, வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வாங்கி வந்திருந்தாள். பேட்டரி கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்கிறதாம். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

அன்றைக்கு அந்தத் திரையை எழுப்பியே ஆக வேண்டியிருந்தது. அதற்குள் மூன்று படங்கள் இருந்தன. ஜன்னத்தின் வேலையில் நம்பிக்கை இல்லை என்பதற்கு ஆதாரமாக மதுரையிலிருந்து மெயிலில் வந்த படங்கள். அவளுடைய லேப்டாப் அவற்றைப் "படம், படம், படம்" என்று மட்டும் வாசித்துக் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

"என்ன படம்ட்டி அது?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அந்த ஒரு வாரம் ஏன் பேசவில்லை என்பதைச் சொன்னால் எனக்குத்தான் அசிங்கம். இத்தனை வாரமாக ஊரில் உள்ளவர்களின் அசிங்கத்தையெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுதியாகிவிட்டது. இந்த வாரம் என் முறை.

ஆணி தெரிந்த கை

ஜன்னத்தை எனக்குக் கல்லூரி பஸ்ஸில் தெரியும். நான் ராஜபாளையத்தில் ஏறுவேன். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுவாள். இரண்டு பேரும் கிருஷ்ணன்கோவிலில் இறங்குவோம். நான் கம்ப்யூட்டர், அவள் ஆங்கில இலக்கியம்.

முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்ததும், "ராஜபாளையமா? வீட்டுல நாய் இருக்கா?" என்றாள். ராஜபாளையத்துக்காரி என்றால் எல்லோரும் கேட்கிற கேள்வி. எங்கள் வீட்டில் வளர்ந்தது பூனை, அதுவும் பக்கத்து வீட்டுப் பூனை என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து ஏட்டி, போட்டி என்றுதான் பேச்சு.

அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, கயிறு, ஆணி, தாழ்ப்பாள் விற்கும் கடை வைத்திருந்தார். விடுமுறை நாளில் ஜன்னத்தும் கடையில் நிற்பாள். ஆணியைக் கையில் எடுத்தாலே ஒன்றரை இஞ்சா, ரெண்டு இஞ்சா என்று சொல்லிவிடுவாள். ஒருநாள் நான் வேண்டுமென்றே கலந்து கொடுத்தேன். பதினைந்து ஆணி. ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில், "உனக்கு வேற சோலியே இல்லையாட்டி?" என்று கேட்டாள்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

படிப்பு முடிந்து நான் சென்னைக்குப் போனேன். இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கே சாஃப்ட்வேர் எழுதிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்தேன். ஜன்னத் ஊரிலேயே இருந்தாள். ஆங்கில டியூஷன் எடுத்தாள். பிறகு, மதுரையில் போட்டித் தேர்வுக்குப் புத்தகம் தயாரிக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் பாடங்களைப் படித்துத் திருத்தும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அவர்கள் பேரில் தப்பே இல்லை.

ஜன்னத் கண்ணால் படிப்பதில்லை, காதால் படிக்கிறாள். லேப்டாப் வாசிக்க வாசிக்கக் கேட்பாள். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கூவும் கண்டக்டரை மூன்று மடங்கு முடுக்கிவிட்ட மாதிரி இருக்கும் அந்த வேகம். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. அவளோ கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்வாள். திடீரென்று கை நிற்கும். "இங்க ஒரு சொல்லு விட்டுப்போச்சு" என்பாள். பார்த்தால் விட்டுத்தான் போயிருக்கும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். சரிபார்த்தவர்: எஸ். ஜன்னத். முதல் புத்தகம் வந்த அன்று அந்த வரி எங்கே இருக்கிறது என்று என்னைக் காட்டச் சொல்லி, விரலை அந்த வரியின் நீளத்துக்கு ஓட்டிப் பார்த்தாள். பார்வையில்லாதவள் என்று பரிதாபப்பட்டு யாரும் போட்ட வரி இல்லை அது. அவள் சம்பாதித்தது.

ஓணானை எடுத்து விட்டவள்

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம். மூல ஃபைலை யாரும் தொடக் கூடாது. திருத்தங்களைத் தனியாக எழுதி அனுப்ப வேண்டும். ஜன்னத், "நாலாவது பாரா, மூணாவது வரி, இந்தச் சொல்லுக்குப் பதிலா இந்தச் சொல்" என்று வரிசையாக எழுதி அனுப்புவாள். அங்கே பொறுப்பாளர் சண்முகவேல் சார் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் போடுவார். மெதுவான வேலைதான், ஆனால் எல்லாம் சரியாக நடந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இது என்னட்டி கட்டவண்டி காலத்து வேலை? நான் ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதித் தாரேன். நீ கேட்டுக்கிட்டே இரு. தப்பு வந்தா ஒரு பட்டனை அமுக்கி, சரியானதை அடி. எத்தனாவது எழுத்துல தப்புன்னு அதுவே எண்ணி லிஸ்ட் போட்டுரும். அந்த லிஸ்டை அவுக சாஃப்ட்வேர்ல குடுத்தா மொத்தத் திருத்தமும் தானா போய் உக்காந்துக்கும்" என்றேன்.

"நெசமாவாட்டி?"

"நான் எழுதுதேன். தப்பு வருமா?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். நான் அதை எடுத்து அடுத்தவள் மடியில் விட்டேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதி முடித்தேன். சோதித்துப் பார்த்தேன். கனகச்சிதம். முதலில் ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகம் அதில் போனது. எல்லாத் திருத்தங்களும் சொல்லிவைத்த இடத்தில் போய் உட்கார்ந்தன. சண்முகவேல் சார் போன் பண்ணி, "மூணு நாள் வேலைம்மா. டீ குடிச்சுட்டு வரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றாராம். ஜன்னத்தின் அம்மா எனக்கு ஒரு தூக்குச் சட்டி நிறைய தேங்காய்ச்சோறு கொடுத்தனுப்பினார்கள். வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன்.

அடுத்தது தமிழ்ப் புத்தகம். மாவட்டத்தின் நீர்நிலைகள், பயிர்கள், தொழில்கள் என்று பொது அறிவுப் பாடங்கள்.

அணையில் உளுந்து

ஜன்னத் ஒரு சாயங்காலம் போன் பண்ணினாள். குரலே சரியில்லை.

"சார் பேசுனாக. எல்லாம் தப்பும் தவறுமா இருக்காம். பிளவக்கல் அணையில உளுந்து தேங்கி நிக்குன்னு எழுதி வச்சிருக்கனாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"கான்சாபுரம் பக்கம் என்னென்ன வெளையும்னு ஒரு பட்டியல் வரும்ட்டி. அதுல உளுந்து விட்டுப்போயிருந்துச்சு. அங்கதான் சேத்தேன். எனக்கு நல்லா நெனவு இருக்கு. அது எப்படி அணைக்குப் போகும்?"

நான் அப்போது அலுவலக வேலையில் தலைகீழாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு காதில் அவள், இன்னொரு காதில் சென்னைக்காரர்கள். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஏட்டி, நீ கேக்க வேகத்துக்கு யாருக்குன்னாலும் தப்பத்தான் செய்யும். செத்த கொறச்சு வச்சுக் கேளேன்."

"சரிட்டி. கொறச்சு வைக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் சொன்னபடி செய்தாள். அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. என்மேல் இருந்த நம்பிக்கையில், புத்தகம் முழுவதையும் முதலிலிருந்து நடை வேகத்தில் கேட்டாள். நாலு நாள். கீரை ஆயவில்லை, டியூஷன் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் அதே திருத்தங்கள்தான் வந்தன, ஒன்றுகூட மாறவில்லை. அனுப்பினாள். இரண்டாவது தடவையும் அதே புகார் வந்தது.

இந்த முறை மெயிலாக வந்தது. சண்முகவேல் சார் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இனிமேல் பார்வையுள்ள ஒருவர் கூட இருந்து சரிபார்த்து, அவரும் கையெழுத்திட்டால்தான் தமிழ்ப் புத்தகங்களை அனுப்ப முடியும், புத்தகத்தில் இரண்டு பேர் பெயரும் வரும், சனிக்கிழமைக்குள் சம்மதம் தெரிவிக்கவும் என்று இருந்தது. சம்மதம் இல்லையென்றால் அந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும்.

வீட்டில் பார்வையோடு தமிழ் வாசிக்கவும் தெரிந்தவன் அவள் தம்பி அன்சாரி ஒருவன்தான். கடையைப் பார்த்துக்கொள்கிறான். தங்கமான பையன், ஆனால் கடைக்குச் சரக்குப் பட்டியல் எழுதினால் அதைத் திருத்துவதே ஜன்னத்தான்.

இதெல்லாம் எனக்கு அன்சாரி சொல்லித்தான் தெரியும். ஜன்னத் என் போனை எடுக்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

ஏழு வேகத்தடை

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. அதுவும் நான் குற்றவாளியாக நின்ற கதைதான்.

கல்லூரியிலிருந்து திரும்பும்போது ஜன்னத் யாரையும் கேட்காமல் தானாகவே எழுந்து இறங்குவாள். எப்படி என்று கேட்டேன். வேகத்தடையை எண்ணுகிறாளாம். கல்லூரி வாசலிலிருந்து ஏழாவது மேடு ஏறி இறங்கினால் அவள் நிறுத்தம். பஸ்ஸில் பாட்டுப் போட்டாலும், பையன்கள் கூத்தடித்தாலும் அவள் கணக்குத் தப்பாது. என்னோடு பேசிக்கொண்டேதான் எண்ணுவாள்.

ஒரு லீவு முடிந்து கல்லூரி திறந்தது. அந்த லீவில் ரோட்டைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பழைய பெரிய மேடு இருந்த இடத்திலெல்லாம் சின்னச் சின்னதாக மூன்று மூன்று கோடு. வழக்கமான டிரைவர் அன்றைக்கு வரவில்லை. நான் ஜன்னலோரம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஜன்னத் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. உடனே நான்கு, ஐந்து, ஆறு. ஏழு வந்ததும் எழுந்து, "எறங்கணும்" என்றாள். புது டிரைவர் நிறுத்தினார். ஊருக்கு வெகு முன்னால், ரோட்டோரம், புளியமரத்தடியில் இறங்கி நின்றாள்.

நான் விழித்துப் பார்த்தபோது பஸ் ராஜபாளையத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் அவள் நோட்டு மட்டும் கிடந்தது. அவள் வழக்கமான இடத்தில் இறங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தாள். "நீ தூங்குன நேரத்துல நான் டீக்கடையில உளுந்தவடை தின்னுட்டு இருந்தேன். அத்தா வந்து கூட்டிட்டுப் போறதுக்குள்ள நாலு வடை" என்றாள். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு இடம் கொடுக்கவில்லை. "ரோடு மாறிப்போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இனிமே தடதடன்னு மூணு வந்தா அதை ஒண்ணுன்னு வச்சுக்கிடுவேன்."

அவ்வளவுதான். சரிசெய்துகொண்டு படிப்பு முடியும்வரை அதே பஸ்ஸில் வந்தாள்.

பழி ஓரிடம்

கடைசியில் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டேன். கறுப்புத் திரை மெல்ல வெளுத்தது. பின் தெருவில் பால்கோவாவுக்குப் பால் காய்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. ஜன்னத் எதிர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா, "வாம்மா கலா" என்று சொன்னதோடு சரி, அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. தேங்காய்ச்சோறு கொடுத்தவர்கள் அவர்கள்.

படத்தைத் திறந்தேன். சண்முகவேல் சார் தன் கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். திருத்தம் போட்ட பிறகு பாடம் எப்படி ஆனது என்று காட்டுகிற படம்.

"பிளவக்கல் அணையில் தேங்கும் உளுந்து நீர்" என்று இருந்தது. அதற்குக் கீழே நான் எதிர்பார்க்காத ஒன்று. சொல்லின் நடுவில், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், கறுப்புச் சாய்சதுரம், அதற்குள் ஒரு கேள்விக்குறி. பக்கம் முழுக்க அங்கங்கே அந்தச் சாய்சதுரங்கள். போனில் பேசும்போது சார், வாயில் நுழைந்ததை மட்டும் வாசித்துக் காட்டியிருக்கிறார். இதை எப்படி வாசிப்பது?

சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு அந்தச் சாய்சதுரம் நன்றாகத் தெரியும். ஓர் எழுத்தை நடுவில் வெட்டினால் அது வரும். ஜன்னத் எழுத்தை நடுவில் வெட்டவே முடியாது, அவள் சொல் சொல்லாகக் கேட்கிறவள். வெட்டியது வேறு ஏதோ.

என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பயப்படாதீர்கள். கம்ப்யூட்டர் எழுத்துகளை பைட் என்கிற சின்னச் சின்னக் கட்டங்களில் போட்டு வைக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு கட்டம் போதும். தமிழுக்கு மூன்று வேண்டும். நாம் 'கு' என்று ஒன்றாக எழுதுவதையும் அது க தனி, கொக்கி தனி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கொடுக்கும். என் சாஃப்ட்வேர் எழுத்தை எண்ணியது. மதுரையில் இருந்த சாஃப்ட்வேர் கட்டத்தை எண்ணியது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான், அதனால் சண்டையே வரவில்லை. தமிழில், நூற்றைம்பதாவது எழுத்து என்று நான் சொன்னால், அது நூற்றைம்பதாவது கட்டத்தில் போய் நின்றது. அந்த இடத்தில் ஐம்பது, ஐம்பத்தைந்து எழுத்துதான் தாண்டியிருக்கும்.

இது ஒன்றும் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. சென்னையில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். ஆனால் சோதித்துப் பார்க்கும்போது நான் என்ன அடித்தேன் தெரியுமா? "டெஸ்ட் டெஸ்ட் டெஸ்ட்." ஆங்கில எழுத்தில். இருபது வருஷப் பழக்கம். என்னோடு வேலை பார்த்த தமிழ்க்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான். பேசுவது தமிழ், சண்டை போடுவது தமிழ், கல்யாணப் பத்திரிகை தமிழ். சோதனைக்கு உட்கார்ந்தால் மட்டும் கை தானாக ஆங்கிலத்துக்குப் போய்விடும். தமிழ்ப் பாடம் திருத்த, தமிழச்சி ஒருத்தி, தமிழச்சி ஒருத்திக்காக எழுதிய சாஃப்ட்வேரில் ஒரு தமிழ் எழுத்தைக்கூட அடித்துப் பார்க்கவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் ராஜபாளையத்தில் என் மேசையில் கிடந்தது. பழியை இவள் ஒரு வாரமாகச் சுமந்திருக்கிறாள்.

"ஜன்னத்து, தப்பு உன் மேல இல்லட்டி. என் மேல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவளிடம் மறைப்பது எப்போதுமே கஷ்டம், மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

கலாவுக்கு ஒன்பது

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டிய கை அப்படியே இருந்தது. நான் மூன்று கட்டம் என்று சொன்ன இடத்தில் தலை நிமிர்ந்தது.

"ஏட்டி, ஸ்பீட் பிரேக்கர்!"

"என்னது?"

"மூணு கோட்டை மூணுன்னு எண்ணிட்டு நான் புளியமரத்துக்கிட்ட எறங்குனேன்ல. அதே மாதிரி என் திருத்தமெல்லாம் முன்னாடியே எறங்கிருச்சு. கான்சாபுரத்துக்குப் போக வேண்டிய உளுந்து அணையில எறங்கிருச்சு!"

பஸ்ஸில் வரும்போது நான் அந்தக் கதையையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டையும் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. வகுப்பெடுத்தவளுக்குத் தோன்றவில்லை.

"அப்பம் மூணால பெருக்கிட்டா தீந்துச்சா?" என்றாள்.

"இல்ல. நடுவுல இடைவெளி, முற்றுப்புள்ளி, நம்பர்லாம் ஒத்தைக் கட்டம்தான்."

"பழைய மேடும் புதுக் கோடும் கலந்து கெடக்காக்கும். சரி, நீ எண்ணுத எடத்துல நின்னு ஒவ்வொண்ணாப் பாத்து எண்ணு."

அதேதான் வைத்தியம்: ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை கட்டம் என்று பார்த்துக் கூட்டிக்கொண்டே போவது. அவள் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அன்றைக்கு நான் அவளை மெதுவாகக் கேட்கச் சொன்னேன்.

"நம்ம பேருக்கு எம்புட்டுக் கட்டம்?" என்று நடுவில் கேட்டாள்.

எண்ணிச் சொன்னேன். "கலாவுக்கு ஒம்போது. ஜன்னத்துக்குப் பதினெட்டு."

"பாத்தியா. உன்னைய மாதிரி ரெண்டு மடங்கு நான்." ஒரு வாரம் கழித்து அப்போதுதான் சிரித்தாள். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது, அம்மா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

சோதிக்க வேண்டும். கை பழக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனது. அவளுக்குப் பொத்தான் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

"மறுபடியுமா? நான் சொல்லுதேன், தமிழ்ல அடி. கலா ஒரு மடச்சி."

அடித்தேன். அவள் கேட்டாள், ஓரிடத்தில் பொத்தானை அமுக்கினாள், ஏதோ சேர்த்தாள். மதுரைக்காரர்கள் வைத்திருக்கும் அதே சாஃப்ட்வேரை என் லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தேன். அவள் கணக்கில் எட்டாவது இடம், அந்தப் பக்கத்தின் கணக்கில் இருபது. திருத்தம் போய் உட்கார்ந்தது. வாசித்தேன்.

"கலா ஒரு பெரிய மடச்சி."

என் வாழ்க்கையில் நான் எழுதியது சரியாக ஓடியதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. பிறகு புத்தகம் முழுவதற்கும் பட்டியலைப் புதிதாக எடுத்துப் போட்டுப் பார்த்தோம். உளுந்து கான்சாபுரத்துக்கு வந்து சேர்ந்தது. முதல் தடவை வேகமாகக் கேட்டுச் செய்த பட்டியலையும் போட்டேன். இரண்டுக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இல்லை.

"மொதத் தடவையே சரியாத்தான் கேட்டிருக்க" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "நீ சொன்னியேன்னுதான் திரும்பக் கேட்டேன்."



கடிதம்

சண்முகவேல் சாருக்கு உண்மையை எழுத வேண்டும். சனிக்கிழமைக்குள் பதில் போயாக வேண்டும். அவர் என்ன சொன்னார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களைத் தொங்கவிடுவானேன். மறுநாள் காலையிலேயே போன் பண்ணினார். என்னிடம் இல்லை, ஜன்னத்திடம். நேராக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அடுத்த தமிழ்ப் புத்தகத்தையும் அன்றைக்கே அனுப்பினார். கடைசிப் பக்கத்தில் இன்றைக்கும் ஒரே பெயர்தான் வருகிறது. அன்சாரி தப்பித்தான்.

நான் சொல்ல வந்தது அந்தக் கடிதத்தைப் பற்றி.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். முடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று நினைத்தேன். தவறு முழுக்க என்னுடையது, சாஃப்ட்வேரைத் தமிழில் சோதிக்காமல் கொடுத்தேன், இரண்டு பட்டியல்களையும் இணைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள் என்று எழுதினேன். அவளைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. அதையும் சேர்த்தேன்.

"வாசிச்சுக் காட்டவாட்டி?"

"நீ எதுக்கு? எனக்கு அனுப்பு."

அவள் லேப்டாப்புக்கு அனுப்பினேன். திரை வெளிச்சமாகவே இருந்தது, அதை இறக்கும் பொத்தான் எது என்று எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் தன் வழக்கமான வேகத்தில் ஓடவிட்டாள். மதிய வெயிலில் அந்த மூன்று மடங்குக் குரல் அறைக்குள் படபடத்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓரிடத்தில் அவள் கை நின்றது. பொத்தானை அமுக்கினாள். இன்னும் ஒரு தடவை அமுக்கினாள். மிச்சத்தைக் கடைசிவரை கேட்டாள். பிறகு பட்டியலை என் பக்கம் அனுப்பினாள்.

பட்டியலில் ஒரே ஒரு திருத்தம் இருந்தது. இருபத்தாறு இடம் நீக்கு, பதிலுக்கு ஒன்றும் வேண்டாம்.

"போட்டுப் பாருட்டி. எடம் சரியா விழுதான்னு பாக்கணும்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை.

போட்டேன். நான் எழுதியிருந்த வரி இது: "கண் பார்வை இல்லாதபோதிலும் தவறில்லாமல் பணியாற்றும் ஜன்னத் அவர்களின் திருத்தங்கள் அனைத்தும் சரியானவை."

இப்போது, "தவறில்லாமல் பணியாற்றும் ஜன்னத் அவர்களின் திருத்தங்கள் அனைத்தும் சரியானவை" என்று இருந்தது. முன்னால் ஓர் எழுத்து போகவில்லை, பின்னால் ஓர் எழுத்து போகவில்லை. சாய்சதுரம் எதுவும் இல்லை.

"சரியா விழுந்துச்சா?"

"சரியா விழுந்துச்சுட்டி" என்றேன்.

"அப்பம் அனுப்பு. சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு, என் தோளைத் தொட்டுக்கொண்டு எழுந்தாள்.